நகர்த்தக் கூடாத பட்டன்கள்

எந்த அறையில் இருந்தாலும் 'வரேன்க்கா' என்று குரல் கொடுத்த என் அப்பாவுக்கு,

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்காக உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி அம்மாவிடம் கேட்டிருந்தார்கள். அம்மா அதை என்னிடம் தள்ளிவிட்டார். பிறந்த ஊர், படித்த கல்லூரி, புனேவுக்கு வந்த கதை என்று ஆரம்பித்தேன். மூன்று வரிக்கு மேல் பேனா ஓடவில்லை. மற்றவர்களிடம் உங்களைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், உங்களிடமே சொல்ல வேண்டியது ஒன்று எனக்கு இருக்கிறது. அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும். நான் செய்த ஒரு தப்பு இதில் இருக்கிறது.

நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. நான் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். உங்கள் ஸ்கூட்டரை அம்மா ஓட்டப் பழகிவிட்டார். ஆளந்தி சாலை வரைக்கும்தான், அதற்கு மேல் பயம். ஜோஷி காகா ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் ஔந்திலிருந்து வருகிறார். அவல் உப்புமா சாப்பிடுகிறார், டீ குடிக்கிறார். ஆனால் யாரோடும் சண்டை போடுவதில்லை. அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கிறது.

உங்களைத் தெரியாதவர்களுக்கு அந்தச் சண்டையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காகா என்றால் மராத்தியில் சித்தப்பா. நீங்களும் காகாவும் விமான் நகரில் ஒரே ஆபீஸில் பதினாறு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கம்ப்யூட்டர் திரையில் ஒரு விண்டோவும் அதற்குள் நாலு பட்டனும் வர வேண்டுமென்றால் அதை வரைந்து கொடுக்க ஒரு டூல்கிட் வேண்டும். நீங்கள் கல்லூரியில் கற்றுக்கொண்டது டிகே. அவர் கற்றுக்கொண்டது விஷுவல் பேசிக். இரண்டுமே நான் பிறப்பதற்கு முன்பே பழசாகிவிட்டவை. ஆபீஸில் இரண்டையும் யாரும் தொடுவதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீட்டு டைனிங் டேபிளில், எது உயர்ந்தது என்று இருவரும் மணிக்கணக்கில் வாதாடினீர்கள்.

காகா உங்கள் டிகே விண்டோவைப் பார்த்து, சாம்பல் நிறத்தில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் சுவர் மாதிரி இருக்கிறது என்பார். அவருடையது ஒரே வகை மெஷினில்தான் ஓடும், டிகே எந்த ஓட்டை மெஷினிலும் ஓடும் என்பீர்கள் நீங்கள். அதெல்லாம் முன்னுரை. உண்மையான சண்டை இடத்தைப் பற்றியது. அவருடைய முறையில் ஒவ்வொரு பட்டனையும் மவுஸால் இழுத்துக்கொண்டு போய், இங்கேதான் என்று ஓரிடத்தில் வைக்க வேண்டும். வைத்தது வைத்ததுதான், அந்த இடம் எண்ணாகப் பதிவாகிவிடும். உங்கள் முறையில் இடம் சொல்லவே வேண்டாம். இதற்குப் பிறகு இது என்று வரிசையைச் சொன்னால் போதும், பட்டன்கள் தாங்களே அடுக்கிக்கொள்ளும். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றவை நகர்ந்து வந்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும்.

"விண்டோவைக் கொஞ்சம் பெருசாக்கிப் பாரு ஜோஷி. உன் பட்டன் எல்லாம் ஒரு மூலையில ஒண்டிக்கிட்டு நிக்கும், மழைக்கு ஒதுங்கின மாதிரி" என்பீர்கள்.

காகா உடனே தன் அரைத் தமிழில் திருப்பிக் கொடுப்பார். "அரே அண்ணா, என் பட்டன் எங்கே நிக்குது, எனக்குத் தெரியும். உன் பட்டன் எங்கே நிக்கும், உனக்கே மாலும் நஹி."

இடத்தை எண்ணால் எழுதுகிறவன் புரோகிராமரே இல்லை என்று நீங்கள் முடித்து வைப்பீர்கள். அம்மா வந்து தட்டுகளை எடுப்பார். அடுத்த வாரம் மறுபடியும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் சுவரிலிருந்து தொடங்கும். நான் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். அது உங்களுக்குத் தெரியுமா?

அத்தைக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோது நான் ஆறாம் வகுப்பு. உங்கள் அக்காவை ராணிப்பேட்டையிலிருந்து இங்கே கூட்டி வந்தீர்கள். நாம் சொல்வது அவருக்குப் புரிந்தது. ஆனால் வாயில் வார்த்தை வரவில்லை. எழுத்தைக் காட்டினால் பிடிபடவில்லை, படத்தைக் காட்டினால் குழம்பினார். தொடுதிரை வைத்த உங்கள் பழைய லேப்டாப்பில் பன்னிரண்டு பட்டன்கள் கொண்ட ஒரு பலகையை டிகேயில் எழுதினீர்கள். தண்ணீர், தம்பி, ஃபேன். அதற்குக் கீழே வலி, காபி, பாத்ரூம். இப்படி நான்கு வரிசை. தொட்டால் அந்த வார்த்தை ஒலிக்கும். குரல் என்னுடையது. மூக்கடைப்போடு பதிவு செய்தோம், நினைவிருக்கிறதா?

அத்தை பலகையைப் படிக்கவில்லை. இடது கையால் இடத்தைப் பழகிக்கொண்டார். ஒரு மாதத்தில் திரையைப் பார்க்காமலே தொட ஆரம்பித்தார். அதில் அவர் அதிகம் தொட்டது 'தம்பி'. தொட்டதும் நீங்கள் எங்கிருந்தாலும் 'வரேன்க்கா' என்பீர்கள். பாதி ஷேவிங்கில்கூட வந்து நின்றிருக்கிறீர்கள்.

நீங்கள் போன பிறகும் அத்தை அதைத் தொட்டார். உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது அவரும் பக்கத்தில்தான் இருந்தார், எல்லாம் தெரியும். இருந்தும் தொட்டார். என் பழைய குரல் 'தம்பி' என்று வீடு முழுக்கக் கேட்கும். அம்மா செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார். தண்ணீர் சத்தம் நிற்கும் வரை நான் வெளியே நிற்பேன்.

போன மாதம் லேப்டாப்பின் திரை இருண்டுபோனது. காகா அதே அளவில் ஒரு டேப்லெட் வாங்கி வந்தார். பலகையைப் புதிதாக எழுதிக் கொடுத்தார், இந்தக் காலத்து முறையில், பட்டன்கள் தாங்களே அடுக்கிக்கொள்ளும்படி. "அண்ணா சொன்ன மாதிரியே செஞ்சேன். அவன் கட்சிதான் ஜெயிச்சது" என்றார். உங்களுக்காக அவர் விட்டுக்கொடுத்தது அது. எனக்கு அது புரிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

அப்போதுதான் நான் சொன்னேன். "காகா, 'தம்பி' பட்டன் வேண்டாம். எடுத்துடுங்க. அத்தைக்கும் நல்லது, அம்மாவுக்கும் நல்லது."

அவர் எடுத்தார். ஒரு வரியை நீக்கினால் போதுமாக இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த பத்தும் ஒவ்வோர் இடம் நகர்ந்து அந்த இடத்தை மூடிக்கொண்டன. பார்க்க அழகாக, நெருக்கமாக இருந்தது. கடைசியில் ஒரு மூலை மட்டும் காலி. நானும் கவனிக்கவில்லை, காகாவும் கவனிக்கவில்லை. பலகையைக் கண்ணால் பார்க்கிற இரண்டு பேர் அதைச் சரிபார்த்தோம்.

அன்று சாயங்காலம் அத்தை 'காபி' என்று கேட்டார். அம்மா போட்டுக் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளினார். மறுபடியும் காபி. "சூடு பத்தலையா அண்ணி?" என்று அம்மா இன்னும் சூடாகக் கொண்டு வந்தார். அதையும் தள்ளினார். நடுவில் ஃபேன் கேட்டார். இந்த மழைக் குளிரில் ஃபேனா என்று கேட்டுக்கொண்டே நான் போட்டுவிட்டுப் போர்வையை இழுத்துவிட்டேன். மறுநாள் காபி, காபி, காபி என்று ஒரே இடத்தைக் குத்தினார். தலையை ஆட்டினார். அழுதார். தம்பியை நினைத்து அழுகிறார் என்று நாங்கள் நினைத்தோம். அம்மாவும் கூட உட்கார்ந்து அழுதார். மூன்றாம் நாள் அத்தை பலகையைத் தொடவே இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று காலையில் முகம் துடைத்துவிட்ட அம்மாதான் கன்னம் வீங்கியிருப்பதைப் பார்த்தார். கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கட்டியிருந்தது. இது எத்தனை நாளாக வலித்திருக்கும், யாரும் சொல்லவில்லையா என்று பல் டாக்டர் மராத்தியில் கேட்டார். எனக்கு அந்த நிமிடத்தில்தான் புரிந்தது. ஆட்டோவில் வரும்போது மடியில் விரலால் பலகையை வரைந்து பார்த்தேன், பழையது ஒரு தடவை, புதியது ஒரு தடவை. 'வலி' இருந்த இடத்தில் இப்போது 'காபி'. 'தம்பி' இருந்த இடத்தில் 'ஃபேன்'.

அப்பா, அத்தை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் அந்தப் பல்லின் மேல் சூடாகக் காபி ஊற்றினோம். அவர் உங்களைக் கூப்பிட்டார். நான் ஃபேன் போட்டேன்.

இதை அம்மாவிடம் அன்றே சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "எனக்காகத்தானே எடுக்கச் சொன்னே" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

காகாவுக்கு போன் செய்ததும் வந்துவிட்டார். பழைய லேப்டாப்பை வேறொரு திரையோடு இணைத்து நீங்கள் எழுதிய புரோகிராமைத் திறந்தார். அந்த வரிசையை அப்படியே பார்த்து எழுதலாம் என்பது அவர் எண்ணம். திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வரிசையே இல்லை. பன்னிரண்டு பட்டனுக்கும் இடப்பக்கத்திலிருந்து இத்தனை, மேலிருந்து இத்தனை என்று எண்கள். டிகேயில் அப்படியும் எழுத முடியுமாம், ஆனால் நீங்கள் ஒருநாளும் அதை ஒப்புக்கொண்டதில்லையாம். எண்கள்கூடச் சீராக இல்லை. 'வலி' கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது, 'தம்பி' சற்று இடப்பக்கம் தள்ளியிருந்தது.

எண்களுக்கு மேலே தமிழில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். காகாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டார்.

'அக்கா கை விழும் இடம் பார்த்து வைத்தது. நகர்த்த வேண்டாம்.' இது முதல் வரி. இரண்டாவதை வாசிப்பதா வேண்டாமா என்று தயங்கினேன். நீங்கள் வேண்டாம் என்று எழுதி வைத்ததை நான் மீறலாமா? ஆனால் அந்த மூன்று நாளும் ஒருவர் சொல்ல வந்தது யாருக்கும் கேட்காமல் போயிருந்தது. இன்னொன்றையும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

"'ஜோஷிக்குத் தெரிய வேண்டாம்'னு எழுதியிருக்கார், காகா."

அவர் கண்ணாடியைக் கழற்றி டேபிளில் வைத்தார். முதலில் சிரிப்பு மாதிரித்தான் வந்தது. "பதினாறு வருஷம்" என்றார். "பதினாறு வருஷம் என் பேச்சைக் கேட்டுட்டே இருந்திருக்கான். சோர்." சோர் என்றால் திருடன் என்று உங்களுக்குத் தெரியும். அம்மா அவல் உப்புமாவை அவர் முன்னால் வைத்துவிட்டு, அன்று தட்டை எடுக்க அவசரப்படவில்லை.

உங்கள் எண்களை அப்படியே வைத்துக் காகா டேப்லெட்டில் புதிதாக எழுதினார். 'தம்பி' இடத்தில் என்ன செய்வது என்று என்னைக் கேட்டார். இந்தத் தடவை, அத்தையே சொல்லட்டும் என்றேன். அந்த இடத்தைக் காலியாகவே விட்டு, அத்தையிடம் கொண்டுபோய் வைத்தோம்.

அத்தை முதலில் தொடவே மறுத்தார். நான் அவர் கையைப் பிடித்து வைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெகு நேரம் கழித்து 'தண்ணீர்' தொட்டார். தண்ணீர் என்றது. 'வலி' தொட்டார். வலி என்றது. நான் அவர் கன்னத்தைத் தொட்டு, இங்கேயா என்றேன். தலையாட்டினார். இரண்டு தடவை தலையாட்டினார். பிறகு கை மேலே போய் அந்தக் காலி இடத்தில் விழுந்தது. ஒன்றும் ஒலிக்கவில்லை. எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார். வைத்த விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கேட்கிற பார்வை.

அத்தை உங்களை மறக்காமல் இருப்பதை நான் ஏன் ஒரு கோளாறு என்று நினைத்தேன், அப்பா?

அம்மாதான் முதலில் பேசினார். "போட்டுடுங்கண்ணா. சத்தம் கேக்கட்டும், பரவாயில்ல." காகா போட்டார். அதே எண்கள், சற்று இடப்பக்கம் தள்ளி. அத்தை தொட்டார். என் மூக்கடைத்த பழைய குரல் 'தம்பி' என்றது. யாரும் பதில் சொல்லாமல் அந்த வார்த்தை அப்படியே நிற்பது எனக்குத் தாங்கவில்லை.

"வரேன் அத்தை" என்றேன். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது தினமும் நாலைந்து தடவையாவது அது ஒலிக்கிறது. நான் பள்ளியில் இருக்கும்போது அம்மா 'வரேன் அண்ணி' என்கிறார். குழாயைத் திறந்துவிடுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காகாவிடம், உங்கள் பட்டனெல்லாம் மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்கும் என்று நான்தான் ஆரம்பித்து வைத்தேன். அவர் என்னை ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்துவிட்டு, ஆர்.டி.ஓ. ஆபீஸ் சுவருக்குப் போனார். உங்கள் கட்சியை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நீங்களே ரகசியமாகக் கட்சி மாறியவர் என்று அவர் இனி ஒவ்வொரு வாரமும் சொல்வார். சொல்லட்டும்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி எந்த டேப்லெட் வந்தாலும், எந்த டூல்கிட் வந்தாலும், அத்தையின் கை விழும் இடங்களை நான் நகர்த்த மாட்டேன். நீங்கள் வைத்த எண்களைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 'தம்பி' என்று கேட்கும்போதெல்லாம், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாலும், பாதிச் சாப்பாட்டில் இருந்தாலும், எழுந்து போவேன்.

அத்தை உங்களைக் கூப்பிடும்போது உங்களுக்குப் பதிலாக வந்து நிற்கும்,
உங்கள் மகள்
நிவேதா