காணாமல் போனவர்கள் பந்தல்

டிசம்பர் 27

சென்னையில் குளிர் அதிகம் என்று இன்றும் அம்மாவிடம் போனில் சொன்னேன். ஸ்ரீரங்கத்திலும் குளிர்தான். ஆகவே பாதி உண்மை.

சென்னைக் கம்பெனி என்னை அனுப்பிவிட்டது தீபாவளிக்கு அடுத்த வாரம். திருச்சி கைலாசபுரத்து வீட்டில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்குப் போவதாகத்தான் பஸ் ஏறினேன். இறங்கியது ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில். இப்போது லேடீஸ் ஹாஸ்டல் ஒன்றில் கட்டில், ராஜகோபுரத்துக்கு எதிரே தகரப் பந்தலில் ஒரு மைக். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் சொந்தக்காரர்களைத் தவறவிட்டவர்களின் பெயரைப் படிக்க வேண்டும். "குரல் தெளிவா இருக்குங்க, சீசன் முடியிற வரைக்கும் இருங்க" என்றார் மைக் செட் வளவன் அண்ணன். பொறியியல் படித்து முடித்த பிறகு முதல் தடவையாக என்னை ஒருவர் பாராட்டியது இதற்குத்தான்.

டிசம்பர் 28

காணாமல் போன யாருமே தான் காணாமல் போனதாக ஒத்துக்கொள்வதில்லை. "நான் இங்கதாங்க நின்னேன். அவங்கதான் காணாமப் போயிட்டாங்க."

டிசம்பர் 29

தொட்டியத்திலிருந்து வந்த ஒரு அம்மா, பெயர் ரெங்கம்மாள், கணவரைக் காணோம் என்று அழுதார். நானும் உருக்கமாகத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். மனிதர் பந்தலுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "கேட்டுச்சும்மா. குடிச்சு முடிச்சுட்டு வரலாம்னு இருந்தேன்." அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்குப் புரிந்தது.

மாலையில் அம்மாவின் போன். நாளை சொர்க்கவாசலுக்கு வருகிறாளாம். எனக்குப் பிரமோஷன் கிடைக்கப் பெருமாளிடம் வேண்டிக்கொள்ளப் போகிறாளாம்.

என்ன செய்வது? லீவு கேட்கலாமா? நாளைக்குக் கேட்டால் வளவன் அண்ணன் அழுதுவிடுவார்.

டிசம்பர் 30

அம்மாவுக்கு அடையாளம் தெரியக்கூடாதென்று, தொண்டை கட்டியதுபோல் கரகரவென்று படித்தேன். "சளியாங்க?" என்று வளவன் அண்ணன் சுக்குக் காபி வாங்கித் தந்தார்.

வெயில் ஏறிய பிறகு, பந்தலில் இரண்டு பேருக்குப் பின்னால் அம்மா. வரிசையில் நிற்கிறாள்! முறை வந்தது. என்னைப் பார்க்கவே இல்லை, வளவன் அண்ணனிடம் பேசினாள்.

"என் பொண்ணக் காணோம்ங்க."

"கடைசியா எங்கம்மா பாத்தீங்க?"

"பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டுல. தீபாவளிக்கு வந்துட்டுப் போனா, சென்னை பஸ் ஏத்திவிட்டோம்."

அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். அம்மா அசையவில்லை. பேரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள். நான் மைக்கைத் தட்டினேன். வேறு என்ன செய்வது?

"கைலாசபுரம் சுபலட்சுமி, எங்கிருந்தாலும் பந்தலுக்கு வரவும். உங்கள் அம்மா ஜெகதாம்பாள் காத்திருக்கிறார்."

"இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க," என்றாள் அம்மா. "அவளுக்கு ஒரு தடவ சொன்னா உறைக்காது."

இரண்டாவது தடவை பாதியில் குரல் போய்விட்டது. மைக் அதையும் வீதி முழுக்கக் கொண்டுபோனது.

"அம்மா மண்டபத்துப் படித்துறையில கால நனைக்கும்போதே உன் குரல் கேட்டுச்சு," என்றாள், பந்தலுக்குப் பின்னால் வைத்து. "கரகரன்னு பேசுனா தெரியாதாடி எனக்கு? சாமியக்கூடப் பாக்கல."

நான் சொல்லியிருக்கலாம்ல. அன்னைக்கே சொல்லியிருக்கலாம். போனை எடுத்து எடுத்துக் கீழ வச்சேனே — யாருக்குப் பயந்தேன்? திட்டவே இல்லயே அவ.

ஜனவரி 9

உற்சவம் முடிந்தது. இன்று பந்தலைப் பிரித்தார்கள். குழாய் ஸ்பீக்கர்களைக் கம்பத்திலிருந்து இறக்கி லாரியில் படுக்க வைத்தார்கள். தகரம் போனதும் என் நாற்காலி நடுத்தெருவில் நின்றது; உடனே ஒருவர் வந்து உட்கார்ந்து செருப்பைத் துடைத்தார்.

"மாசியில சமயபுரம் பூச்சொரிதல் இருக்கு. வரீங்களா?" என்றார் வளவன் அண்ணன்.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வீட்டில் கேட்க ஒரு விஷயம் இருப்பதே புதிதாக இருந்தது.

ஜனவரி 12

வீடு. அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். அப்பா "ம்" என்றார், ஷிப்டுக்குப் போய்விட்டார்.

அம்மாவின் கட்டளை ஒன்றுதான்: அக்கம்பக்கத்துக்கு நான் பொங்கல் லீவில் வந்திருக்கிறேன். என் பொய்யில் குளிர் மட்டும்தான் இருந்தது. அம்மாவின் பொய்யில் எனக்குச் சம்பளம் உயர்ந்திருக்கிறது. கம்பெனி சிங்கப்பூர் அனுப்பினாலும் அனுப்பும்.

ஜனவரி 21

பொங்கல் லீவு முடிந்துவிட்டதால் யாராவது வந்தால் நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இதைவிட வசதியாக ஒளிந்திருந்தேன்.

இன்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மைதிலி ஆன்ட்டி வந்தார். "சுபா ஊருக்குக் கிளம்பிட்டாளா?"

"போன ஞாயித்துக்கிழமையே," என்றாள் அம்மா, கூசாமல்.

அப்பா அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். எங்கள் அப்பா சண்முகசுந்தரம் விருந்தாளிகள் முன்னால் அதிகம் பேசமாட்டார்.

"எங்கயும் போகலீங்க," என்றார். "சென்னை வேலை போயிருச்சு. இப்ப மைக்ல பேசுற வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. உள்ளதான் இருக்கா." பிறகு என் பக்கம் திரும்பி, "வெளிய வாம்மா. எவ்வளவு நேரம் கதவப் புடிச்சுக்கிட்டு நிப்ப?"

வந்தேன். அம்மா தரையைப் பார்த்தாள்.

மைதிலி ஆன்ட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எங்க பையன் ரஞ்சித்தும் பெங்களூர்ல இல்லீங்க. ஆயுத பூஜையிலேருந்து பின்ரூம்லதான் இருக்கான்."

அம்மா எழுந்து போய் அடுப்பில் பால் வைத்தாள். "அவனயும் கூப்பிடுங்க," என்றாள் உள்ளிருந்து.