ஆம், இல்லை, பிறகு

சோலோ,
7 மார்ச் 2011

அன்புள்ள தியுர்மாவுக்கு,

நான் சௌக்கியம். வீடு சௌக்கியம். முன்னறையில் இருக்கும் என் சித்தப்பா மகன் வாஹோனோவின் பறவைகள் இருபத்து மூன்றும் சௌக்கியம்; நேற்று அவனே வந்து கூண்டு கூண்டாக எண்ணிப் பார்த்துவிட்டுப் போனான். சௌக்கியம் இல்லாதது நம் கணினி ஒன்றுதான்.

இரண்டு வாரம் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று நீ கடல் தாண்டி மேடானுக்குப் போய் இன்றோடு எட்டு மாதம் ஆகிறது. நினைவூட்டுவதற்காக எழுதவில்லை. தேதி போடும்போது கண்ணில் பட்டது.

கடிதம் எதற்கு என்று நீ கேட்கலாம். போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டபோது, "மாஸ், உங்க சரி சரியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தா எழுதுங்க" என்றாய். சரி என்றேன். ஆகவே எழுதுகிறேன். மின்னஞ்சலில் எழுதியிருக்கலாம். ஆனால் அதை இப்போது என் பெயரில் வேறு யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள். உன் அண்ணன் சஹாலாவின் தேவாலயப் பாடகர் குழு முழுவதற்கும் என் முகவரியிலிருந்து உடம்பு இளைக்கும் மாத்திரை விளம்பரம் போயிருக்கிறதாம். யாருடைய மனமும் புண்படவில்லை என்று நம்புகிறேன்.

நோயின் விவரம் இது. இணையத்தைத் திறந்தால் பக்கத்தின் தலையில் ஏழு பட்டைகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்று வானிலை சொல்கிறது. ஒன்று ராசிபலன். ஒன்று சிரிக்கும் முகங்கள் தருகிறது. மீதி நான்கும் தேடித் தருவதாகச் சொல்கின்றன. எதை என்று தெரியவில்லை. செய்தித்தாள் படிக்க அடியில் மூன்று விரற்கடை இடுக்கு மிஞ்சியிருக்கிறது. அதற்குள் வரி வரியாக உருட்டிப் படிக்கிறேன். பழகிவிட்டது.

பிறகு ஒரு வைரஸ் காவலன் வந்தான். நான் அழைக்கவில்லை. திரை நடுவில் சிவப்பாகத் தோன்றி, உங்கள் கணினியில் நானூற்றுப் பன்னிரண்டு ஆபத்துகள் இருக்கின்றன, காப்பாற்றட்டுமா என்று கேட்டான். இவ்வளவு அக்கறையோடு ஒருவர் கேட்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஆம் என்று அழுத்தினேன். மறுநாள் ஆபத்துகள் அறுநூறு. நீ வைத்துவிட்டுப் போன பழைய காவலனும் இவனும் இப்போது ஒருவரையொருவர் திருடன் என்கிறார்கள். நான் இருவரையும் சமமாக நடத்துகிறேன்.

தொழிற்பள்ளியில் இருபது வருஷம் கணினி சொல்லிக்கொடுத்தவள் நீ. என்ன செய்வது என்று எழுது. அவசரமில்லை.

உன்,
மார்தோயோ


மேடான்,
15 மார்ச் 2011

மாஸுக்கு,

கடிதம் கிடைத்தது. பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடும் நால்வரில் மூவரின் மனம் புண்பட்டது. நான்காமவர் மாத்திரையை வாங்கிவிட்டார். அவருக்கு என்ன ஆகிறது என்று ஞாயிறுதோறும் கவனித்து வருகிறோம்.

முதல் வேலை, இணைய வயரைப் பிடுங்குங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

அடுத்து, தெருமுனை இணைய மையத்துக்குப் போய் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இப்போது இருப்பது ஜாவாக் கணக்கில் நீங்கள் பிறந்த கிழமை. அது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அல்ல. முப்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை அந்தக் கிழமை வரும்போது சிவப்பும் வெள்ளையுமாகக் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொடுத்து நீங்களே தெருவுக்கு அறிவிக்கிறீர்கள். உலகத்தில் தன் பாஸ்வேர்டைக் கிண்ணத்தில் ஊற்றி விநியோகிக்கிறவர் நீங்கள் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு, நிறுவிய நிரல்களின் பட்டியலைத் திறந்து உங்களுக்கு அடையாளம் தெரியாத ஒவ்வொன்றையும் நீக்குங்கள். புதிய காவலன் சாதாரணமாகப் போகமாட்டான். கணினி விழிக்கும்போதே மேல்வரிசையில் இருக்கும் F8 விசையை அழுத்திக்கொண்டிருந்தால் 'பாதுகாப்பு முறை' என்று ஒன்று வரும். அதில் அவன் தூங்கிக்கொண்டிருப்பான். அப்போது நீக்குங்கள்.

இதெல்லாம் கைவேலை. நோய் வேறு. கணினியிடம் ஆம் என்றால் அது ஆம் என்றே எடுத்துக்கொள்ளும். ஆம் என்று சொல்லி இல்லை என்று உணர்த்த, அது உங்களைப் போல ஜாவாவில், சோலோவில் பிறந்ததல்ல. நகராட்சியின் அனுமதிப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் ஒரு மனுவைக்கூட நிராகரிக்காமல் நீங்கள் ஓய்வுபெற்றது எப்படி என்று எனக்குத் தெரியும். ஆகட்டும் என்று வாங்கி அலமாரிக்கு மேலே வைப்பீர்கள். வந்தவரும் புரிந்துகொண்டு வணங்கிவிட்டுப் போய்விடுவார். கணினிக்கு அலமாரி கிடையாது. 'இல்லை' என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள். பக்கத்தில் 'பிறகு' என்று ஒன்று இருக்கும். அதைத் தொடவே தொடாதீர்கள். அது உங்களுடைய இன்னொரு ஆம்.

வேறொரு செய்தி. அண்ணன் பிரிவுச் சம்மதப் பத்திரம் ஒன்று தயாரித்து வைத்திருக்கிறார். விருந்தாளி என்றால் ஒரு மாதம், எட்டு மாதம் என்றால் அதற்கு ஒரு காகிதம் வேண்டும் என்பது அவர் கட்சி. நோட்டரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், வேறெப்படிப் பேசுவார். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

தியுர்மா சிரேகார்


சோலோ,
24 மார்ச் 2011

அன்புள்ள தியுர்மாவுக்கு,

உன் கையெழுத்தில் பிறந்த வீட்டுக் குலப்பெயரைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது.

வயரைப் பிடுங்கிவிட்டேன். பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். இணைய மையக்காரர் அது என்ன என்று அன்போடு கேட்டார். சொல்லவில்லை. அவர் முகம் வாடியது. வீட்டுக்கு வந்து ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துப் போய்க் கொடுத்தேன்.

ஏழு பட்டைகளில் மூன்று போய்விட்டன. நான்காவது, வானிலை. நீக்கப் போனால், "எங்களை விட்டுப் பிரியாமல் இருப்பீர்கள்தானே?" என்று கேட்டுப் பக்கத்தில் ஓர் அழும் முகத்தையும் வைத்திருக்கிறது. அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டேன்.

கணினிக் கம்பெனியிலிருந்து பேசுவதாக ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். உங்கள் கணினியில் கோளாறு இருக்கிறது, நான் சொல்வதை எல்லாம் அழுத்துங்கள் என்றார். கோளாறு இருப்பது உண்மைதானே. எப்படித் தெரிந்தது என்று வியந்தேன். ஆகட்டும் என்றேன். ஆனால் எடுத்த எடுப்பில் காரியத்தில் இறங்குவது மரியாதை இல்லையே. சாப்பிட்டீர்களா என்றேன். இன்னும் இல்லை என்றார். மணி இரண்டு ஆகிவிட்டதே என்று வருத்தப்பட்டேன். சொந்த ஊர் வோனோகிரி என்று தெரிந்தது. எந்தப் பக்கம் என்று விசாரித்ததில், என்னோடு வேலை பார்த்த சுரத்தின் மைத்துனிக்கு அவர் அம்மா ஏதோ முறை வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. என்ன பற்றுப் போடுவது என்று சொன்னேன், எழுதிக்கொண்டார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. சரி, இப்போது எதை அழுத்த வேண்டும் என்று கேட்டேன். அவர் தணிந்த குரலில், "ஐயா, நான் சொன்னது எதையும் அழுத்தாதீங்க. இனிமே யாரு கூப்பிட்டாலும் அழுத்தாதீங்க. உங்க நம்பரை எங்க பட்டியல்லேருந்து நானே எடுத்துடறேன்" என்று வைத்துவிட்டார். எந்தப் பட்டியல் என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஒரு விஷயம் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். காவலன் வருவதற்கு முன் சுத்தக்காரன் ஒருவன் வந்திருந்தான். இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பழைய பொருள்களை அகற்றட்டுமா என்றான். ஆம் என்றேன். பழைய பொருள்கள் என்று அவன் சொன்னது நம் படங்களை. பாலிகேயில் உன் அப்பா வீட்டு முன்னால் நடந்த நம் கல்யாணத்திலிருந்து, நீ பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற நாள் வரை, முப்பது வருஷம். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

உன் மேசை இழுப்பறையில் நீ பிரதி எடுத்து வைத்த சிறிய ஹார்ட் டிஸ்க்கைக் கண்டுபிடித்தேன். பாஸ்வேர்டு கேட்கிறது. பத்து முறை தப்பாகப் போட்டால் உள்ளிருப்பதைத் தானே அழித்துவிடும் என்று எச்சரிக்கிறது. உன் பிறந்தநாள், உன் அப்பா பெயர், பாலிகே, உனக்குப் பிடித்த மிளகு என்று இதுவரை ஒன்பது போட்டுப் பார்த்தேன். பாஸ்வேர்டை எழுதி அனுப்பு.

உன்,
மார்தோயோ


மேடான்,
2 ஏப்ரல் 2011

மாஸுக்கு,

டிஸ்க்கின் வயரைப் பிடுங்கி, துணியில் சுற்றி, இழுப்பறையில் வைத்துப் பூட்டுங்கள். பத்தாவது யோசனை எது தோன்றினாலும் மனதோடு வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டைத் தபாலில் அனுப்பக் கூடாது. என் மாணவர்களுக்கு முதல் நாள் சொல்லும் பாடம் அது. உங்களுக்காக மாற்றமாட்டேன்.

வோனோகிரிக்காரரின் கதையை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். அண்ணி மீன் அரிந்துகொண்டிருந்தவர், கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த வீட்டில் நான் சிரித்து யாரும் பார்த்தது இல்லை போலிருக்கிறது; பக்கத்து அறையிலிருந்து என்ன ஆச்சு என்று ஓடிவந்தார்கள். உங்களிடம் கோபித்துக்கொண்டு வந்த ஒருத்திக்கு இது நல்ல பேர் இல்லை. இனி இப்படி எழுத வேண்டாம் என்று சொல்லலாம் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

அழும் முகம் ஒரு படம். அதை வரைந்தவருக்குச் சம்பளம் கொடுத்தாகிவிட்டது. நீக்குங்கள்.

மூன்று விரற்கடை இடுக்கில் செய்தி படிப்பதாக எழுதியிருந்தீர்கள், பழகிவிட்டது என்று. வாஹோனோ ஒரு வாரத்துக்கு என்று நான்கு கூண்டு கொண்டுவந்தான். சரி என்றீர்கள். பிறகு ஒன்பது. பிறகு இருபத்து மூன்று. வீட்டில் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுத்த முன்னறையில் கடைசியாக மிஞ்சியது சமையலறைக் கதவோரம் ஒரு நாற்காலி போடும் இடம். அந்த இடுக்கில்தான் நான் மூன்று வருஷம் குடியிருந்தேன், மாஸ். எனக்குப் பழகவில்லை.

அண்ணன் ஏப்ரல் இருபதாம் தேதி அலுவலக வேலையாகச் சோலோவுக்கு வருகிறார். பத்திரத்தையும் எடுத்து வருகிறார். நீங்கள் கையெழுத்துப் போட்டால் நானும் போடுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு எழுதமாட்டேன். நான் சொல்லிக்கொடுத்து நீங்கள் சொன்னால், அது எனக்குச் சொன்ன இன்னொரு சரி, அவ்வளவுதான்.

தியுர்மா சிரேகார்


சோலோ,
11 ஏப்ரல் 2011

அன்புள்ள தியுர்மாவுக்கு,

அஞ்சலட்டை, ஆகவே சுருக்கமாக. இன்று பதினொரு முறை 'இல்லை' அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் மெதுவாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், ஒன்பதாவதிலிருந்து கேட்கவில்லை. வானிலை போய்விட்டது. காவலன் தூக்கத்திலேயே போய்விட்டான். இணைய வயரை மறுபடி செருகினேன்; பக்கம் முழுசாகத் தெரிகிறது. செய்தித்தாளில் இவ்வளவு செய்தி இருப்பது இத்தனை நாள் தெரியவில்லை.

உன் அண்ணனுக்காகத் தலையணை உறை மாற்றியிருக்கிறேன். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவரை வெறுங்கையோடு எப்படித் திருப்பி அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்தோயோ


சோலோ,
22 ஏப்ரல் 2011

அன்புள்ள தியுர்மாவுக்கு,

உன் அண்ணன் வந்தார். தேங்காய்ப்பால் சோறும் கோழியும் வைத்தேன். இரண்டு தட்டு சாப்பிட்டார். மேடான் மழை, சோலோ வெயில், பாடகர் குழு எல்லாம் பேசினோம். பிறகு கை துடைத்துக்கொண்டு பத்திரத்தை விரித்தார்.

"ஒரு கையெழுத்து, மச்சான். ரெண்டு பேருக்கும் நிம்மதி. சம்மதந்தானே?"

நல்ல பேனா என்றேன். அவர் பேனாவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். என் வாய் அதற்குள் 'சரி' என்று குவிந்துவிட்டது. அறுபத்து மூன்று வருஷப் பழக்கம். பத்திரத்தைப் பார்த்தேன். உன் அண்ணன் முறையாக வேலை செய்பவர். அடியில் இரண்டு கட்டங்கள் போட்டிருந்தார். சம்மதம், சம்மதமில்லை. 'பிறகு' என்று ஒரு கட்டம் இருக்கிறதா என்று பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

"இல்லீங்க, மச்சான்" என்றேன்.

அவர் தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது. பறவைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். "என்ன சொன்னீங்க? உறுதியாத்தான் சொல்றீங்களா?"

கணினியும் இரண்டாம் முறை இப்படித்தான் கேட்கும். ஆகவே தயாராக இருந்தேன். "உறுதியாத்தான். எனக்குச் சம்மதமில்லை. அவ வரலேன்னா அது அவ இஷ்டம். நான் அனுப்பி வைக்க மாட்டேன்."

இரண்டாவது கட்டத்தில் குறி போட்டேன். உன் அண்ணன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். பிறகு மூன்றாவது தட்டு கேட்டார்.

மறுநாள் காலையில் வாஹோனோ இருபத்து நான்காவது கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். இல்லை சொன்ன சூடு இன்னும் ஆறவில்லை என்று வைத்துக்கொள். இல்லை, வாஹோனோ, இதுவும் வேண்டாம், உள்ளே இருக்கிறதும் வேண்டாம் என்றேன். எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். சாயங்காலத்துக்குள் வண்டி வைத்து எல்லாவற்றையும் எடுத்துப் போனான். இப்போது என்னோடு பேசுவதில்லை. அது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

கூண்டுகளுக்கு அடியில் உன் கரும்பலகை இருந்தது. துடைத்து மாட்டியிருக்கிறேன்.

டிஸ்க் துணியில் சுற்றியபடி இருக்கிறது. பத்தாவது யோசனை ஒன்று தோன்றியது. மனதோடு வைத்துக்கொண்டேன்.

உன்,
மார்தோயோ


மேடான்,
30 ஏப்ரல் 2011

மாஸுக்கு,

அண்ணன் வந்து பத்திரத்தை மேசையில் போட்டார். "உன் புருஷனுக்கு என்னமோ ஆயிடுச்சு. சமையல் மட்டும் அப்படியே இருக்கு" என்றார்.

உங்கள் குறியைப் பார்த்தேன். கொஞ்சம் கோணலாக இருக்கிறது. ஆனால் கட்டத்துக்கு வெளியே போகவில்லை. அதே கட்டத்தில் அதன் பக்கத்திலேயே நானும் ஒன்று போட்டேன். அண்ணன் பத்திரத்தைக் கோப்பில் வைத்துவிட்டார். செல்லாத காகிதத்தையும் தூக்கிப்போடக் கூடாதாம்.

பாடகர் குழுவின் நான்காமவர் இரண்டு கிலோ இளைத்துவிட்டார். மனம் புண்பட்ட மூவரும் அந்த விளம்பரத்தை மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்கிறார்கள். இல்லை என்று நானே சொல்லிவிட்டேன். உங்கள் கையில் விடவில்லை.

டிஸ்க்கை இனியும் தொடாதீர்கள். பாஸ்வேர்டைத் தபாலில் அனுப்பக் கூடாது என்று முன்பே எழுதினேன். தொலைபேசியிலும் சொல்லக் கூடாது. ஆகவே நேரில் கொண்டுவருகிறேன். மே ஏழாம் தேதி, ஜகார்த்தா வழியாகப் பிற்பகல் விமானம். பெட்டி இரண்டு, கனமானவை.

வர முடியுமா என்று கேட்கமாட்டேன். வந்து நில்லுங்கள்.

தியுர்மா