ஐந்து மாத இடைவெளி

மார்ச் 4, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. லேபில் கூட்டம். ரத்தம் எடுத்து நிமிர்ந்தால் போனில் கனடாவிலிருந்து மெயில். கையுறையோடே படித்தேன் (கூடாது).

குடியேற நான் போட்ட விண்ணப்பத்தில் சந்தேகமாம். அங்கே இருக்கும் முருகனை என் கூடப்பிறந்த தம்பி என்று காட்டியிருக்கிறேன். பாஸ்போர்ட்படி நான் பிறந்தது ஜனவரி 10. அவன் அதே வருடம் ஜூன் 12. ஒரே தாய்க்கு ஐந்து மாத இடைவெளியில் இரண்டு பிள்ளைகள் எப்படி? முப்பது நாளில் விளக்கம் தேவை.

நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் இத்தனை வருடமாக யாரும் கேட்காதது.

தம்பி அங்கே இருப்பதற்குக் கிடைக்கும் மதிப்பெண் போனால் எல்லாம் போச்சு. ஏற்கெனவே இரண்டு முறை கொஞ்சத்தில் தவறியது. வயது 44. ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் அவர்கள் மதிப்பெண் குறைப்பார்கள்.

வாங்க: பால், அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை, பேனா ரீஃபில்.

மார்ச் 5, புதன்

அம்மாவைக் கேட்டேன். எல்லாம் நினைவிருக்கிறது அவளுக்கு.

என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று தெருவில் தறிக்குப் பாவு நீட்டியிருந்தார்களாம். தெரு நீளத்துக்குப் பட்டு நூல், பிடிக்க ஆள் போதவில்லை. பொடியன் முருகன் உள்ளே புகுந்து நூலை அறுத்துவிடுவான் என்று அவனையும் என்னோடு பள்ளியில் தள்ளிவிட்டு ஓடி வந்திருக்கிறாள். அவனுக்கு அப்போது நாலு வயதுகூட முடியவில்லை.

அந்தக் காலத்துச் சோதனை: வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. எனக்கு எட்டியது. அவனுக்கு எட்டவில்லை. எச்.எம். திரும்பிய நேரத்தில் நான்தான் அவன் தலையைச் சாய்த்துப் பிடித்தேன். இது அம்மாவுக்குத் தெரியாது. என் பிறந்த தேதியை அம்மா முன்பே சொல்லியிருந்தாள். அவனுக்கு எச்.எம். அன்றைய தேதியிலிருந்து சரியாக ஐந்து வருடம் பின்னால் போய் ஒரு தேதியை எழுதிக்கொண்டார். அதுதான் ஜூன் 12.

மார்ச் 7, வெள்ளி

விசா ஏஜெண்ட் போன். அவரிடம் சுலபமான வழி இருக்கிறதாம்.

"அப்பாவுக்கு ரெண்டு சம்சாரம்னு போட்டுடலாம் மேடம். தாய் வேற வேற. யாரு வந்து பாக்கப்போறாங்க?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தது என் தப்பு. அம்மா அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள்.

"ரெண்டு சம்சாரமா? ஒருத்திக்கே தீபாவளிக்குப் புடவை எடுக்கத் தெரியாத மனுஷன்பா அது. போன வை."

வைத்துவிட்டேன். அப்புறம் இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் பயம் வந்தது. ஏஜெண்ட் இல்லாமல் இனி நானே.

மார்ச் 9, ஞாயிறு

தம்பியிடம் சொன்னேன்: உண்மையை எழுதப் போகிறேன். அவனுக்குப் பயம். அவனுடைய எல்லா ஆவணத்திலும் அந்தத் தேதிதான். இதைக் கிளறினால் தன் குடியுரிமைக்கு ஏதாவது ஆகுமோ என்கிறான். பயப்படாதே என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? வக்கீலைக் கேட்டுச் சொல், நீ வேண்டாம் என்றால் எழுத மாட்டேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். வைத்த பிறகு காலண்டரில் மீதி நாளை எண்ணினேன்.

மார்ச் 11, செவ்வாய்

காலை 5.40. தம்பியின் போன். வக்கீலிடம் பேசிவிட்டானாம். பள்ளிச் சான்றிதழில் இருந்ததைத்தான் கொடுத்தான், மறைக்கவில்லை. தானே முன்வந்து சொல்வதுதான் நல்லது என்றாராம்.

"எழுதுக்கா. நானும் கையெழுத்து போட்டு அனுப்பறேன். இத்தினி வருஷமா தப்பான தேதியில கேக் வெட்டிக்கினு இருக்கேன், புள்ளைங்க கேட்டா சிரிக்கும்."

அரை நாள் லீவு. மாநகராட்சி அலுவலகம், பிறப்புப் பதிவு. பழைய பதிவேடு, ஓரமெல்லாம் உதிர்கிறது. எழுத்தர் அம்மாள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். நான் பிறந்ததற்கு அடுத்த வருடம், செப்டம்பர் 21. ஆண். அப்பா பெயர், அம்மா பெயர், எங்கள் தெரு. குழந்தை பெயர் இடம் காலி.

"பேர் வெக்கறதுக்குள்ள பதிஞ்சிட்டாங்கமா. ஆனா இது உங்க தம்பிதான், வேற யாரு?"

நகல் கேட்டு மனு. என்னுடையதும் சேர்த்து.

மார்ச் 19, புதன்

நகல்கள் கைக்கு வந்தன. கடிதம் நானே ஆங்கிலத்தில். ஒரே பக்கம். பாவு, காது, எச்.எம். எல்லாம். தலையைச் சாய்த்ததை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினேன். கூடவே:
— பிறப்புப் பதிவு 2
— அம்மாவின் பிரமாணப் பத்திரம்
— தம்பியுடையது
— பள்ளிச் சேர்க்கைப் பதிவு (ஒரே நாள், அடுத்தடுத்த வரி)

இரவு 8.10 அனுப்பியாயிற்று. தோசை இரண்டு அதிகம்.

மே 26, திங்கள்

மேகமூட்டம். லேபில் மைக்ராஸ்கோப் பல்பு போய்விட்டது. அதை மாற்றிக்கொண்டிருந்தபோது மெயில்.

விளக்கம் ஏற்கப்பட்டது. விண்ணப்பம் அனுமதிக்கப்பட்டது. விசாவுக்கு பாஸ்போர்ட் அனுப்பவும்.

மூன்று முறை படித்தேன். பாத்ரூம் போய் முகம் கழுவினேன். ஒரு பொய் இல்லை. ஒரு வரிகூட இல்லை.

தம்பிக்குச் சொன்னேன். அடுத்து அம்மாவுக்குப் போன். அம்மா போனை வைக்காமலே தெருவில் எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்கிறாள், எனக்குக் கேட்கிறது: "எம் பொண்ணு உள்ளத உள்ளபடி எழுதிச்சு. அவங்களே வாம்மான்னுட்டாங்க."

மதியம் லேப் பொறுப்பாளர் சாரிடம் போய் நின்றேன். பதினெட்டு வருட வேலை, சீனியாரிட்டி, இந்த வயதில் புது ஊர், குளிர். அடுக்கிக்கொண்டே போனார். அவசரப்படாதே, நன்றாக யோசித்துச் சொல் என்றார்.

"யோசிச்சு முடிச்சு ஆறு வருஷம் ஆச்சு சார்."

ஒரு மாத நோட்டீஸ். கொடுத்துவிட்டேன்.