துணி அறையில் துக்கம் கேட்டது

சிஸ்டர்,

முதலில் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை குத்தாலம் போகிற பஸ்ஸில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தலையை மோந்து பார்த்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. அவர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் காற்றில் கோடாலித் தைலத்தின் வாசனை வந்தது. தைலம் மட்டும் என்றால் சும்மா இருந்திருப்பேன். கூடவே கஞ்சி போட்ட வெள்ளைத் துணியின் வாசனையும் கலந்து வந்தது. காலையில் நீங்கள் வார்டுக்குள் நுழையும்போது வருமே, அதே வாசனை. என்னை அறியாமல் முன்னால் சாய்ந்துவிட்டேன். டிரைவர் அந்த நேரம் பார்த்து பிரேக் போட்டார். என் மூக்கு அந்த அம்மாவின் கொண்டையில் போய் இடித்தது.

திரும்பிப் பார்த்தார். "என்னங்க வேணும்?"

"ஒண்ணுமில்லைங்க. தலைவலிங்களா?"

"இதுவரைக்கும் இல்லைங்க" என்றார்.

இறங்கும் வரை நடவு வயலைப் பார்ப்பது போலவே முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு வந்தேன். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நீங்கள் போய் ஒரு அறுப்பு முடிந்து, மறுபடி நடவும் வந்துவிட்டது. அதனால்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற அஞ்சலை எழுதுகிறேன். பிழை இருந்தால் அங்கே படித்தவர்கள் யாரிடமாவது கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் சவூதியிலிருந்து வந்து நம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, ஊரில் பாதி ஆண்கள் விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். முத்துப்பேட்டையில் உங்கள் தெருவில் பெருநாளைக்குக்கூட கிழவர்களும் பிள்ளைகளும்தான் இருப்பார்கள் என்பீர்கள். எங்கள் தெருவில் நாற்றுக் கட்டு தூக்கிய பையன்கள் சிங்கப்பூரில் கம்பி கட்டினார்கள். எல்லோரும் போகிற நேரத்தில் நீங்கள் திரும்பி வந்தீர்கள், படுக்கையில் விழுந்த உங்கள் உம்மாவுக்காக. பெரிய டாக்டர் உங்களை ஹெட் நர்ஸ் ஆக்கினார். நான் வார்டு ஆயா. இரண்டு பேருக்கும் ஒரே வயது. நான் உங்களை வாங்க, போங்க என்றேன். நீங்கள் ஒரே மாதத்தில் என்னை வாடி, போடி என்றீர்கள். இது என்ன நியாயம் என்று கேட்டேன். "உன் வாய்க்கு இதுவே அதிகம்" என்றீர்கள்.

மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் எங்கள் எல்லோரையும் துணி அறைக்குக் கூப்பிட்டீர்களே, அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சலவைக்குப் போய் வந்த போர்வை மூட்டைகள்தான் எங்களுக்கு நாற்காலி.

"இன்னிக்கு க்ளாஸ். அழுதுகிட்டு இருக்கறவங்க பக்கத்துல எப்படி உக்காரணும்னு சொல்லித் தரப்போறேன்."

"உக்காரவா?" என்றேன். "அதுக்கா சவூதி வரைக்கும் போயிட்டு வந்தீங்க? எங்க தெருவுல பொறந்த பிள்ளை ஆறு மாசத்துல உக்காருதுங்க, சிஸ்டர்."

"அந்தப் பிள்ளை பேசாம உக்காருதுல்ல? அதைத்தான் உனக்கு சொல்லித் தரணும்."

அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்றே வகுப்பு வைப்பார்களாம். நீங்கள் சொன்னது எனக்கு இன்னும் மனப்பாடம். "அழாதேன்னு சொல்லாதீங்க. புத்தி சொல்லாதீங்க. நடுவுல உங்க கதையை எடுத்து விடாதீங்க. என்ன ஆச்சுன்னு கேளுங்க. கேட்டுட்டு அங்கேயே இருங்க." இதில் ஒன்றுகூட என்னால் ஆகாது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒத்திகை பார்க்கலாம் என்றீர்கள். நான் புருஷனைப் பறிகொடுத்தவள். சீர்காழிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த நர்ஸ் விமலா என் பக்கத்தில் உட்கார வேண்டும். கிடைத்த வாய்ப்பை விடுவேனா? மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தேன். ஆண்கள் வார்டிலிருந்து ஒருவர் குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்து, "யாருங்க போயிட்டது?" என்று கேட்டார். விமலா சிரித்து மூட்டையிலிருந்து கீழே விழுந்தாள். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு சிரிப்பு அடங்கியதும் மெதுவாகக் கேட்டீர்கள்: "நோயாளி வீட்டுக்காரங்க பக்கத்துல உக்கார நாம இருக்கோம். நம்ம பக்கத்துல யாரு இருக்கா?"

நம் கையில் ஒரு உயிர் போகும். படுக்கை விரிப்பை மாற்றுவோம். அடுத்த கட்டிலில் ஒருவர் தண்ணீர் கேட்பார், போய்க் கொடுப்போம். அவ்வளவுதான். சவூதியிலெல்லாம் அப்படிப்பட்ட நாளில் கூட வேலை பார்ப்பவர்களே வந்து அந்த நர்ஸோடு கொஞ்ச நேரம் உட்கார்வார்கள் என்றீர்கள்.

"நாம துக்கம் கேக்கப் போறோமே, அது மாதிரிதானே சிஸ்டர்?"

"அதேதான்டி."

அப்படிச் சொன்னதும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே புரிந்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த ஆவணி மாதம் நாற்றங்காலில் பாம்பு கடித்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். மந்திரிக்கிறவரிடம் போய்விட்டு, நேரம் கடந்து வந்தார்கள். விமலாதான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டாள். நீங்கள் அன்று லீவு போட்டு உம்மாவைப் பார்க்கப் போயிருந்தீர்கள். அந்தப் பெண்ணின் புருஷன் சிங்கப்பூரில் இருந்தான். யாரோ தகவல் சொல்லி, நம் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டான். விமலா எடுத்தாள். "பயப்படாதீங்கண்ணே, நல்லாயிடுவாங்க" என்றாள். விளக்கு வைக்கிற நேரத்தில் மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லி அவன் வைத்தான். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அந்தப் பெண் போய்விட்டாள்.

விமலா அழவில்லை. துணி அறையில் போய் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். போன் மணி அடித்தால் மட்டும் உடம்பு தூக்கிப் போட்டது. நீங்கள் சொல்லிக்கொடுத்தது எங்களுக்கு நினைவிருந்தது. ஒவ்வொருவராகப் போனோம். பக்கத்தில் உட்கார்ந்தோம். யாரும் அழாதே என்று சொல்லவில்லை. நானே வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நல்லபடியாக முடித்துவிட்டோம் என்று எனக்குப் பெருமைகூட.

பிறகு துக்க வீட்டிலிருந்து எப்படிக் கிளம்புவோமோ அப்படிக் கிளம்பினோம். போய்ட்டு வரேன் என்று சொல்லக்கூடாது அல்லவா? திரும்பிப் பார்க்கவும் கூடாது. ஒவ்வொருவராக எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல், முகத்தைக்கூடப் பார்க்காமல் அவரவர் வேலைக்குப் போய்விட்டோம்.

சாயங்காலம் நீங்கள் திரும்பி வந்தபோது விமலா இல்லை. துணி அறையில் மடித்த போர்வைக்கு மேல் அவளுடைய தொப்பியும் கைக்கடிகாரமும் இருந்தன. பின்பக்கம் நர்ஸ்கள் தங்கும் அறையில் பெட்டி அப்படியே இருந்தது. ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள், இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நீங்கள் வண்டிச் சாவியை எடுத்தீர்கள். நான் பின்னால் ஏறினேன்.

எனக்குப் பயம் வந்தால் பேச்சு கூடும். "சிஸ்டர், இந்த வண்டியைவிட என் மாமியா வேகமா நடக்கும்" என்றேன். "ஒரு பக்கம் சாயுது, சவூதியில என்னத்தைச் சாப்பிட்டீங்க" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. சரி, நேரம் காலம் தெரியாமல் பேசுகிறோம் என்று நிறுத்திக்கொண்டேன்.

"நிறுத்தாதே. பேசிக்கிட்டே வா" என்றீர்கள். உங்கள் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

என்ன பேசினேன் என்று தெரியாது. ஆற்றங்கரை வரைக்கும் பேசினேன். படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களிடம், வெள்ளைச் சேலை கட்டிய பெண் யாராவது வந்தாளா என்று கேட்டீர்கள். இந்தப் பக்கம் யாரும் வரவில்லை என்றார்கள். நீங்கள் அந்தச் செந்தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான்தான் கையைப் பிடித்து இழுத்து வண்டிக்குக் கூட்டி வந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலை, வெறுங்கை, மடியில் ஒரு சின்ன பர்ஸ்.

பார்த்ததும் ஓடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள். ஏன் இப்படிச் செய்தாய், எங்கெல்லாம் தேடினோம் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். நீங்கள் ஒன்றுதான் கேட்டீர்கள்: "என்ன ஆச்சு?"

அப்போதுதான் அழுதாள். "நல்லாயிடுவாங்கன்னு நான்தான் சிஸ்டர் சொன்னேன். இப்ப அவரு மறுபடி கூப்பிடுவாரு." முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எல்லாரும் வந்து உக்காந்தாங்க. அப்புறம் எழவு வீட்டுல இருந்து போற மாதிரி போனாங்க. ஒருத்தரும் போய்ட்டு வரேன்னு சொல்லலை. செத்தது நான்தான்னு ஆயிடுச்சு. இனிமே இங்க நமக்கு இடமில்லைன்னு வந்துட்டேன்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். "ஐயோ பாவி மக்களா" என்று முனகினீர்கள். அது எங்களுக்கா, உங்களுக்கேவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கண்டக்டர் சீர்காழி, சீர்காழி என்று கத்தினார். விமலா எழுந்திருக்கவில்லை. பஸ் போய்விட்டது. அந்த பஸ் திருப்பத்தில் மறைந்தபோது எனக்கு வந்த நிம்மதி மாதிரி, என் மகள் பிரசவம் முடிந்து டாக்டர் வெளியே வந்து சொன்னபோதுகூட வந்ததில்லை.

மூன்று பேருமாக ஒரே வண்டியில் திரும்பினோம். விளக்கு வைக்கிற நேரத்தில் போன் அடித்தது. "நான் பேசவா?" என்று கேட்டீர்கள். விமலா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு அவளே எடுத்தாள். அவள் முதுகில் உங்கள் கை. அவள் முந்தானை நுனி என் கையில், மறுபடி ஓடிவிடக் கூடாதே என்று. அந்தப் புருஷன்காரனுக்கு அவன் அண்ணன் ஏற்கெனவே தகவல் சொல்லிவிட்டான் போல. அவன் சண்டை போடவில்லை. கடைசியாக என்ன சொன்னாள் என்று மட்டும் கேட்டான்.

"பறிச்சு வச்ச நாத்து வாடிடும், யாரையாச்சும் நடச் சொல்லுங்கன்னு சொன்னாங்கண்ணே" என்றாள்.

பிறகு, "நீங்க கூடவே இருந்தீங்களா?" என்று கேட்டான்.

"இருந்தேண்ணே."

"சரிம்மா" என்றான். "யாராச்சும் கூட இருந்தாங்கள்ல."

மறுநாள் துணி அறையில் நீங்கள் வகுப்பில் ஒன்று சேர்த்தீர்கள். இங்கே துக்கம் கேட்கிறவர்கள் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். எப்போது திரும்பி வருவேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் வரவும் வேண்டும். வயதான ஆயா ஒருத்தி அது ஆகாது, அபசகுனம் என்று முணுமுணுத்தாள். "ஆஸ்பத்திரியில நம்ம சகுனம் வேற" என்று முடித்துவிட்டீர்கள். டியூட்டி நேரத்தில் துணி ரூமில் என்ன மாநாடு என்று கேட்டுக்கொண்டிருந்த பெரிய டாக்டரும், ஒரு ஆபரேஷன் கை கொடுக்காமல் போன நாளில் வாசலில் வந்து நின்று, "இங்க டீ கிடைக்குமா?" என்றார். டீ கிடையாது. நீங்கள் ஒரு மூட்டையை நகர்த்திப் போட்டீர்கள். உட்கார்ந்தார்.

விமலா இப்போது அயர்லாந்தில் இருக்கிறாள். அங்கே புது நர்ஸ்களுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறாளாம். வெள்ளைக்காரிகளுக்குச் சீக்கிரம் புரிகிறதாம், அங்கே எனக்கு இருக்கிற மாதிரி வாய் யாருக்கும் இல்லையாம்.

உங்களுக்கு முடியாமல் போனதும் முத்துப்பேட்டைக்கு வந்தேன். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி, கட்டில் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் ஒரு கண்ணை மட்டும் திறந்தீர்கள். "என்னடி, யாராவது மௌத்தாயிட்டாங்களா? வாயைத் திறக்க மாட்டேங்கறே?" அப்புறம் சாயங்காலம் வரை பேசினேன். உங்களுக்குச் சிரிக்கத் தெம்பில்லை, தலையணை மட்டும் குலுங்கியது. சில நாள் கழித்து, சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு வலியில்லாமல் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள் என்று செய்தி வந்தது. எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அழுகை பிறகு வந்தது. விமலா போன் பண்ணினாள். "என்ன ஆச்சுக்கா?" என்றாள். அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் கேட்டாள். எவ்வளவு நேரம் அழுதேனோ, அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில், "நாளைக்குக் கூப்பிடறேன்கா" என்றாள். மறுநாள் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரி இப்போது மாடி மேல் மாடியாக வளர்ந்துவிட்டது. துணி அறையில் ஸ்கேன் மெஷின் இருக்கிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு உட்காரச் சொல்லிக்கொடுக்கிற வேலையை என்னிடம் விட்டிருக்கிறார்கள். எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது, சிஸ்டர். ஆனால் யார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாலும் என் வாய் தானாக மூடிக்கொள்கிறது. எழுந்திருக்கும்போது எப்போது வருவேன் என்று சொல்லாமல் எழுந்திருக்க முடிவதில்லை. நீங்கள் கொடுத்ததில் என்னிடம் தங்கியது இவ்வளவுதான்.

போன வாரம் டாக்டர் அறைக்கு எதிரே ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு, கறுப்புப் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். முகமே சரியில்லை. புதுப்பிள்ளைகளை எட்டி நின்று கவனிக்கச் சொல்லிவிட்டு, போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். மேலதிகாரி திட்டியதைச் சொன்னார், வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை என்றார், முழங்கால் வலிக்கிறது என்றார். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பிறகுதான் தெரிந்தது, அவர் நோயாளி வீட்டுக்காரர் இல்லை, மருந்து விற்க டாக்டரைப் பார்க்க வந்த கம்பெனிக்காரர். டாக்டர் அதற்குள் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போயிருந்தார்.