அப்பா சட்டைக்கு ஏற்ற இஸ்திரிப்பெட்டி

அன்பு மகள் தீபிகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் ரமா அத்தையும் ஒருவருக்கொருவர் துணையாகச் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு டியூட்டிக்குப் போய்வந்து சுகமாக இருக்க மாரியம்மனைக் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதி, உனக்கு அனுப்புகிற போர்வைக்குள் மடித்து வைக்கிறேன், பிழை இருந்தால் சிரிக்காதே. ஷில்பா லீவு முடிந்து உன் ஆஸ்பத்திரிக்கே திரும்புகிறாள் அல்லவா, அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். தெருவில் குழாய் பதிக்கிறேன் என்று மறுபடி தோண்டிப் போட்டிருக்கிறார்கள், அத்தை வெளியே போவதே இல்லை, நாள் முழுக்க என் தலையைத்தான் தின்கிறார்.

அப்பா போனபோது நீ போனிலேயே முகம் பார்த்தாய், சட்டையை மட்டும் யாருக்கும் கொடுத்துடாதேம்மா என்று அழுதாய். போனவங்க துணியை வீட்டில் வைக்கக் கூடாது, காரியத்தன்றே கொடுத்துவிடணும் என்று அத்தை சண்டை பிடித்தார், நான் காது கேளாதவள் மாதிரி பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு ஷோபா ஹூப்ளிக்காரி, பழைய துணியைச் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பாள், அவர்கள் ஊரில் அதற்குக் கௌதி என்று பேர். அவள்தான், பெட்டிக்குள்ள பூட்டி வெச்சு யாருக்கு லாபம் அக்கா, மகள் மேல போர்த்துங்க என்றாள். எனக்கும் அது சரி என்று பட்டது. ஆனால் முதல் நாளே தப்பு செய்தேன். வெட்டிய துண்டுகளை நம் பழைய இஸ்திரிப்பெட்டியில் சூட்டை முழுக்க வைத்துச் சட்டை தேய்க்கிற மாதிரியே இழுத்துத் தேய்த்தேன், பீன்யா பாக்டரி யூனிபாரம் சட்டையின் துண்டு பால் ஆடை மாதிரி சுருங்கிப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது. கருகிய அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வேறு துணி வாங்கலாம், அவர் போட்ட துணியை எங்கே போய் வாங்குவது.

ஷோபா என்னை எழுப்பி, புது இஸ்திரிப்பெட்டி வாங்கச் சிவாஜிநகருக்கு இழுத்துப் போனாள். கடைக்கார பாய், தையலுக்கா சும்மா தேய்க்கவா, வீட்டுக்காரர் சட்டைக்குன்னா இந்த சின்னதே போதும்மா என்றார். வீட்டுக்காரர் சட்டையைத்தான் தைக்கப்போகிறேன் என்றேன், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஷோபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீயும் அங்கே ஒன்று வாங்கத்தான் வேண்டும், அதனால் கேட்டுக்கொள். கொஞ்சம் கனமாக இருக்கட்டும், நாம் அழுத்தாமல் அதுவே அழுத்தும். தையல் ஓரத்துக்குள் போகிற மாதிரி முனை கூராக இருக்கணும். ஆவி வருகிற பெட்டியாகப் பார், தண்ணீர் ஊற்றிச் சாய்த்துக் காட்டச் சொல், சொட்டினால் வேண்டாம், துணியில் கறை விழும். சும்மா வைத்தால் தானாக அணைந்துபோவதும் உண்டாம், நான் தைத்துவிட்டு வருவதற்குள் ஆறிப்போகும் என்று அதை வேண்டாம் என்றேன், நீ மறதிக்காரி, நீ அதையே வாங்கு.

இனி சொல்வதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை தீபி. புதுப் பெட்டியில் தண்ணீர் ஊற்றி, சூட்டைக் குறைத்து, துண்டின் மேல் ஒரு வெள்ளைத் துணி விரித்து, ஷோபா சொன்னபடி இழுக்காமல் ஒத்தி எடுத்தேன். புஸ்ஸென்று ஆவி எழும்பியது. அந்த ஆவியோடு அப்பா வந்தார். பீன்யா மெஷின் எண்ணெய், திருநீறு, அவர் கழுத்து வியர்வை, எல்லாம் சேர்ந்த அதே வாசனை, கிட்டே வராதேப்பா என்று நீ மூக்கைப் பிடிப்பாயே, அதேதான். எத்தனை தடவை சோப்புப் போட்டு அலசிய துணி, எங்கேதான் இருந்ததோ. புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து ஷோபாவைக் கூப்பிட்டேன், அவளும் முகர்ந்துவிட்டு, ஹௌது அக்கா, ஆமா, வாசனை வருது என்றாள். உள்ளே படுத்திருந்த அத்தை தானே எழுந்து வந்து, ஷிப்டு முடிஞ்சு வந்துட்டான் பாரு வனஜா என்றார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அதற்கப்புறம் துணியைக் கொடுக்கச் சொல்லவே இல்லை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நூல் வெட்டிக் கொடுத்தார்.

ஆனால் அதே துண்டில் இரண்டாம் முறை வைத்தால் வெறும் ஆவிதான். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே தடவைதான் வந்தார். ஒவ்வொன்றாக வைத்து நானும் அத்தையும் மூச்சை இழுத்துக்கொண்டு நின்றோம், கோயிலில் திரை விலகும்போது நிற்போமே அப்படி. சாமி இருப்பதை நம்புகிறவள்தான் நான், ஆனாலும் இவ்வளவு கிட்டத்தில் ஒன்றைப் பார்த்ததில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, அரிசிச் சோறே சாப்பிடு, ரொட்டியில் வயிறு ரொம்பாது. நூறு வயது நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்கணும், அத்தையும் தலை தொட்டு ஆசி சொல்லச் சொன்னார். மறக்காதே, போர்வையின் நடுவில் பை வைத்த துண்டு ஒன்று மட்டும் கசங்கிக் கிடக்கும், அம்மா சோம்பேறித்தனமாகத் தைத்துவிட்டாள் என்று நினைக்காதே. அதில் நான் இஸ்திரி வைக்கவில்லை. உன் பங்கு அது. லீவு நாளில் கதவைச் சாத்திக்கொண்டு, சூட்டைக் குறைவாக வைத்து, மேலே துணி விரித்து, இழுக்காமல் ஒத்தி எடு. முகத்தைக் கிட்டே வைத்துக்கொள்.

இப்படிக்கு உன் அம்மா
வனஜா, ஜீவனஹள்ளி