வரைந்தவரின் அனுமதி

பேராசிரியை பிரியதர்ஷினி அவர்களின் மேலான கவனத்திற்கு ஓர் அதிமுக்கிய அறிவிப்பு!

நெசவுத் தொழில்நுட்ப நூலுக்கு நீ எழுதிய அத்தியாயத்தில் தறிப் படங்கள் அத்தனையும் இதை எழுதும் உன் வீட்டுக்காரர் வரைந்தவை. நன்றியுரையிலோ அவர் "வேளாவேளைக்குக் காப்பி போட்டுக் கொடுத்த கணவர்". இப்போது பதிப்பகம் வரைந்தவரின் அனுமதிக் கடிதம் கேட்கிறதாம். "இன்னிக்கே அனுப்பணும், ஒரு கையெழுத்து போடேம்பா" என்று காலையில் கெஞ்சினாய். காப்பி போடுறவன் கையெழுத்துக்கு ஏதும்மா மதிப்பு? அவர் போடவில்லை. தென்னேரிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போகிறார். நாளைக்குத்தான் வருவார்.

சாவி பக்கத்து வீட்டு எஸ்தர் அக்காவிடம் இருக்குது. வத்தக்குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடு, பட்டினி கிடக்காதே.

பி.கு.: செருப்பு மாட்டும்போது பதிப்பாசிரியர் போன் பண்ணினார். புத்தகம் வரப்போவதில்லையாம்.