பழுப்பும் பச்சையும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே இருவரும் நலம். நீ அனுப்பிய படத்தில் உன் அறை ஜன்னலுக்குத் திரை இல்லை. வாங்கிப் போடு. குளிருக்குப் போர்வை போதுமா என்றும் எழுது.

போனில் பேசலாம்தான். ஆனால் ரகசியம் பேச இந்த வீட்டில் ஓர் அறை கிடையாது. அதோடு நான் எதையாவது ஆரம்பித்தால் "அம்மா, கிளாஸ் எடுக்காதீங்க" என்பாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

உன் அப்பா அந்தப் பழைய காருக்கு வயரிங் முடித்துவிட்டார். அதாவது, முடித்துவிட்டதாகச் சொல்கிறார். நீ போன பிறகு கொஞ்ச நாள் ஷெட் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு காலையில் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, இருந்த பழைய வயரையெல்லாம் உருவி வெளியே போட்டார். துணி சுற்றிய வயர்கள், தொட்டால் உதிர்ந்தன. நீங்கள் இருவரும் வெட்டி வைத்திருந்த புது வயர்க் கட்டுகளை உள்ளே ஓட்டினார். முன்பக்கம் முதல் தடவையிலேயே சரியாக வந்தது. ஹெட்லைட் எரிந்தது. ஹாரன் அடித்ததில் தெருவே திரும்பிப் பார்த்தது.

டாஷ்போர்டைத் தாண்டியதும்தான் வண்டிக்குக் கிறுக்குப் பிடித்தது. சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் சாப்பிட வருகிறார், அங்கே வைப்பர் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "என்ன சார், வண்டி தானாவே கிளம்பிடும் போலிருக்கே! உள்ள பேய் எதையாவது குடி வெச்சிருக்கீங்களா?" என்றார். "ஆமா டாக்டர், அதுக்குப் பல்வலியாம். உங்ககிட்டதான் கூட்டிட்டு வரப்போறேன்" என்றார் அப்பா. இரண்டு பேரும் சிரித்தார்கள். சாப்பாட்டில் கைவைத்தவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

மறுநாள் புகை. பிரேக் விளக்குக்குப் போகும் வயர் டிக்கிக் கீலில் உரசி, மேலுறை உருகிவிட்டது. பின்சீட்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. பேட்டரியைப் பிடுங்கி வெளியே வைத்துவிட்டார். என்னிடம், "ஒண்ணுமில்ல, சும்மா ஒரு ஷார்ட்" என்றார். பியூஸ் ஏன் போகவில்லை என்று கேட்டேன். "உன் லேப்ல போய் பாடம் நடத்து" என்றார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து மலைப்பாதையில் ஓட்டிப் போகிறார்கள். அவரும் பெயர் கொடுத்திருக்கிறார். அதற்கு முதல் நாள் சனிக்கிழமை பேட்டரியை மாட்டப் போகிறாராம். அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பில் ஒரே சமன்பாட்டை இரண்டு முறை எழுதினேன். பிள்ளைகள் மரியாதைக்குச் சிரிக்காமல் இருந்தார்கள்.

நேற்று அவர் கடைக்குப் போன நேரம் ஷெட்டுக்குள் போனேன். சுவரில் வயரிங் படம் ஒட்டியிருக்கிறது. அதில் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் நிறத்தின் பெயர் எழுத்தில் இருக்கிறது. பழுப்பு, பேட்டரியிலிருந்து நேராக வருவது. அதற்குப் பியூஸ் கிடையாது, சாவியை எடுத்தாலும் மின்சாரம் ஓடும். பச்சை, சாவிக்கும் பியூசுக்கும் கட்டுப்பட்டது. படித்தால் யாருக்கும் புரியும். படத்தை வைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தேன். டாஷ்போர்டிலிருந்து பின்பக்கம் முழுக்கப் பச்சை வர வேண்டிய இடத்தில் பழுப்பு இருக்கிறது. ஓர் இடத்தில் என்றால் கவனக்குறைவு என்பேன். எல்லா இடத்திலும் என்றால் அதற்கு வேறு பெயர்.

முன்பக்க வயர்களின் நுனியைப் பார்த்தேன். நூலால் முடிச்சுப் போட்டிருக்கிறது. பச்சைக்கு ஒன்று, பழுப்புக்கு இரண்டு, சிவப்புக்கு மூன்று. பின்பக்கக் கட்டில் முடிச்சே இல்லை. நீ முடிச்சுப் போடுவது கிளம்பிய அன்றோடு நின்றுவிட்டது, இல்லையா?

அன்று ஷெட்டில் நீங்கள் போட்ட சண்டையில், சமையலறையில் இருந்த என் காதில் விழுந்தது கடைசி இரண்டு வரி மட்டும்தான். "அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று நீ கேட்டாய். "நீ சொன்னேன்னா இந்த ஷெட்டுக்குள்ள கால் வெக்காத" என்றார் அவர். நீ அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் விமானம் ஏறினாய். நான் என்னென்னவோ நினைத்தேன். சொல்லக்கூடாத நோயாக இருக்குமோ என்று. இன்னொரு பெண்ணாக இருக்குமோ என்றுகூட நினைத்தேன், சிரிக்காதே. கடைசியில் பார்த்தால், மனிதருக்குப் பச்சைக்கும் பழுப்புக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாது. அவ்வளவுதான் விஷயம். காய்த் தக்காளியைப் பழம் என்று வாங்கி வரும்போதெல்லாம் தக்காளிக்காரர் ஏமாற்றிவிட்டதாகத் திட்டிக்கொண்டிருந்தேன். சோதனைக் குழாயில் நிறம் மாறும் கணத்தைப் பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு!

உன்னிடம் சொன்னவர் என்னிடம் சொல்லவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை. தெரிந்துவிட்டது என்று சொன்னால் அவர் கூசிப் போவார், வீம்புக்காவது வண்டியை எடுப்பார். சொல்லாவிட்டால் அந்த வண்டியோடு மலைப்பாதைக்குப் போவார். நான் என்ன செய்யட்டும்? உடனே எழுது.

அன்புடன்,
அம்மா


அன்பு மகளுக்கு,

உன் பதில் அந்தச் சனிக்கிழமைக்குள் வரவில்லை. தபாலின் தவறா உன் தவறா என்று விசாரிக்கப் போவதில்லை.

அன்று காலை அவர் முடி வெட்டப் போனார். நான் தையல் பெட்டியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய், பின்பக்க வயர் ஒவ்வொன்றுக்கும் முடிச்சுப் போட்டேன். உன் கணக்குப்படியே போட்டேன். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று. வீட்டுக்குள் வந்து கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வந்து நேரே ஷெட்டுக்குள் போனார். சத்தமே இல்லை. ஸ்பேனர் விழும் சத்தம், திட்டும் சத்தம், எதுவும் இல்லை. போய்ப் பார்க்கலாம் என்று வாசல்வரை போவதும் திரும்புவதுமாக இருந்தேன்.

கடைசியில், "இங்க கொஞ்சம் வா" என்று குரல் வந்தது.

பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு வயர். விரலால் முடிச்சைத் தடவியபடி, "இது அவ முடிச்சு இல்ல. அவ இவ்வளவு இறுக்க மாட்டா" என்றார். "அவிழாம இருக்கணும்னுதான்" என்றேன். என் முகத்தைப் பார்க்காமல், "உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு இல்ல. கல்யாணத்தப்ப சொல்ல மறந்துட்டேன். அப்புறம் சொல்ற நேரம் தாண்டிப் போச்சு" என்றார். "சரி, அந்தத் தக்காளிக்காரரப் பத்தி நான் பேசினதெல்லாம் வாபஸ்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது. சிரித்தார். கண்ணைத் துடைத்ததால் கன்னத்தில் கிரீஸ்.

பேட்டரியை மாட்டவில்லை. ஞாயிறு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். பின்பக்கம் முழுவதையும் பிரித்துப் போட்டிருக்கிறார். மாலையில் நான் கல்லூரியிலிருந்து வந்ததும் உட்காருகிறோம். "இது?" என்கிறார். "பச்சை" என்கிறேன். "நல்லாப் பாத்துச் சொல்லு" என்கிறார், என்னிடம்! ஒரு விளக்கு எரிந்தால் அடுத்ததற்குப் போகிறோம். சாவியை எடுத்தால் வைப்பர் நிற்கிறது. எந்நேரமும் முகர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன், புகை வாசனை வருகிறதா என்று. இந்தப் பழக்கம் இனி போகாது.

ஆனால் ஒன்று. நிறம் சொல்ல என்னால் முடிகிறது. அவர் எதுவும் கேட்காமல் இடது கையை நீட்டுகிறார், அதில் எதை வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நீட்டிய கை சும்மா இருக்கும். பிறகு நீ இல்லை என்பது ஞாபகம் வந்து, அவரே எட்டி எடுத்துக்கொள்கிறார். உன் பெயரைச் சொல்வதில்லை.

அவராகக் கூப்பிடமாட்டார், அவர் சுபாவம் உனக்குத் தெரியும். உன் சுபாவமும் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நீ சொன்னது சரிதான், சொன்ன விதமும் தப்பில்லை. அதை அவருக்கு நிரூபிக்க வேண்டிய அவசியம் இனி இல்லை.

இந்தக் கடிதம் கிடைத்ததும் வரும் ஞாயிறு காலை என் எண்ணுக்குக் கூப்பிடு. போனை ஷெட்டில் மறந்து வைத்துவிட்டு நான் மாடிக்குத் துணி காயப்போடப் போவேன். நிறைய துணி இருக்கிறது, இறங்கிவர நேரமாகும். எடுப்பது அப்பாவாகத்தான் இருக்கும். முதலில் ஒன்றும் பேசமாட்டார். வைத்துவிடாதே, கண்ணு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா